மக்ரூனுக்குக் கடல் காட்டிய கதை

வாழ்க்கையை ரசிக்கப் புதிதாக முடிவெடுத்தவனைக் கடைக்கு அனுப்பவே கூடாது. எங்கள் வீட்டில் அனுப்பினார்கள். போனவன் நான்.

கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்த காலம். 'இந்த நொடியில் வாழுங்கள்' என்று ஃபோனில் யாரோ ஒருவர் தினமும் உபதேசம் செய்துகொண்டிருந்தார். (வேலையில்லாதவனிடம் நொடிகளுக்கா பஞ்சம்?) டீயிலிருந்து எழும் ஆவி, கொடியில் காயும் சட்டையின் நிழல் என்று ஒன்றையும் விடாமல் படமெடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் கலா அக்காவைப் பெண் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார்கள். அக்காவுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டேன் என்று அவள் சொன்னதாலேயே வந்த இடங்களெல்லாம் நழுவிப் போயிருந்தன. இந்த மாப்பிள்ளையின் பெரியம்மாவும் 'பொண்ணு வேலைக்குப் போகக் கூடாது' கட்சிதான் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

"ஏலே செந்திலு, மக்ரூன வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வா. கடல்காத்துல டப்பாவத் தொறந்துராத, பிசினாப் போயிரும்" என்றாள் அம்மா. முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்த அந்தக் குட்டிக் கூம்பு, வாயில் போட்டதும் மொறுமொறுவென்று கரைய வேண்டும். அதில்தான் எங்கள் ஊர் மரியாதையே இருக்கிறது.

நேராகத்தான் வந்தேன். வழியில் கடல் இருந்ததற்கு நான் என்ன செய்ய? சாயங்கால வெயில் தண்ணீரில் கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல், உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றது. டப்பாவைத் திறந்து, மக்ரூன்களைக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றின் நுனியிலும் வெயில் பட்டு மினுங்கியது. சொக்கிப் போய்ப் படமெடுத்துக்கொண்டே நின்றேன். நடுநடுவே அம்மா வேறு ஃபோனில் கூப்பிட்டுப் படத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்வையாலேயே எரித்தாள். அவசர அவசரமாகத் தட்டில் எடுத்து வைக்கும்போது மக்ரூன் விரலில் ஒட்டியது. (ஒட்டியது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். யார் அடி வாங்குவது?) பெரியம்மா இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பா கேட்டார்: "பிள்ள வேலைக்குப் போறதப் பத்தி நீங்க என்ன நெனைக்கீய?"

பெரியம்மா வாயைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. மேல் பல்செட்டும் கீழ் பல்செட்டும் மக்ரூனோடு ஒன்றாகிவிட்டன. "ம்ம்... ம்ம்ம்!" என்று தலையை ஆட்டினார். அது எந்தப் பக்கம் ஆடியது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

"பெரியம்மாவே சரின்னுட்டாவ. பெறகென்ன?" என்றார் மாப்பிள்ளை, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. பெரியம்மா இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். அப்பா பதிலுக்குப் பயபக்தியோடு கும்பிட்டார்.

அதுவரை குனிந்தே இருந்த அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். மாப்பிள்ளையும் அவளைப் பார்த்தார். இருவரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதில் இருவர் கண்ணிலும் தண்ணீர் முட்டியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் ஃபோன் இருந்தும் படமெடுக்கத் தோன்றவே இல்லை.

பெரியம்மா அடுப்படியில் வெந்நீரால் வாயை மீட்டுக்கொண்டு வருவதற்குள் அக்காவுக்குப் பூ வைத்தாயிற்று. அவர் அக்காவையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு வேலைக்குப் போவட்டும். இந்தப் பயல மட்டும் இனிமே கடைக்கு அனுப்பிராதீய" என்றார்.

அக்கா இன்றும் அதே ஆபீஸுக்குத்தான் போகிறாள். நானும் இன்றும் எதையாவது பார்த்து, "அடடா, இங்கன பாருங்களேன்!" என்று நின்றுவிடுகிறேன். உடனே குடும்பமே கோரஸாகக் கத்தும்: "ஏலே, மொதல்ல டப்பாவ மூடு!"

அதில் உரக்கக் கேட்பது பெரியம்மாவின் குரல்தான். புதுப் பல்செட்.