மனம் நொந்த பயணியின் மூன்று கடிதங்கள்

"போட்டு எஞ்சின் சத்தம் காதைக் கிழிக்கிறது. இப்படிக்கு, மனம் நொந்த பயணி."

மேனேஜர் தரணிதரன் மூன்றாவது கடிதத்தையும் படித்து முடித்தார். காகிதத்தின் ஓரத்தில் பஜ்ஜி எண்ணெய் படிந்திருந்தது. பயணி நம் கேன்டீனில் தின்றுகொண்டே நொந்திருக்கிறார் என்பதற்கு மேல் துப்பு கிடைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை முதலாளி குடும்பத்தோட வர்றாருங்க, ஜஸ்டஸ். அதுக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா போட்டை வித்துருவோம். நீங்க ஃபேக்டரிக்கு இலை அள்ளப் போயிருங்க."

"சரிங்க சார்," என்றார் ஜஸ்டஸ்.

மேனேஜரின் டீ கிளாஸ் லேசாக அதிர்ந்தது.

தேவாலாவுக்குப் பக்கத்தில் அந்த எஸ்டேட் ஏரியில் பதினெட்டு வருடங்களாக டீசல் படகு ஓட்டுகிறவர் ஜஸ்டஸ். அவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. படகு இல்லாத ஜஸ்டஸை அவர் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தார்.

கேட்டில் வாட்ச்மேன் முனியசாமி வழிமறித்தார்.

"ஏனுங்கண்ணா, மெட்டில்டா அக்காவுக்குப் பல்லு செட்டு வந்துருச்சாமா? மேல் செட்டு கொஞ்சம் லூசாமே."

ஜஸ்டஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைச் சாத்திக்கொண்டு மனைவி மெட்டில்டாவிடம் அந்தரங்கமாகப் பேசிய விஷயம் அது. பத்து வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும் லைனில் குடியிருந்தால் இதுதான் கதி.

"சொவத்துக்கும் காது இருக்குது முனியசாமி," என்றார். பக்கத்து மரத்திலிருந்த மைனாக்கள் பறந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை, ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைத் தூசியை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து எஞ்சினைச் சுற்றி அடுக்கினார். சத்தம் கொஞ்சமும் அடங்கவில்லை. சூட்டில் மூட்டைகள் புகைய ஆரம்பித்தன. பன்னிரண்டு பயணிகளும் வறுத்த டீத்தூள் வாசனையோடு இருமிக்கொண்டே இறங்கினார்கள்.

கேன்டீனில் வேலை செய்யும் மெட்டில்டா கரைக்கே டீ கொண்டுவந்தாள். புதுப் பல் வந்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறாள்.

"ஏனுங்க, சத்தம் கொறஞ்சுதுங்களா?"

"இல்ல."

"எப்படியாவது கொறைச்சுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தன் வேலைக்காக இவள் இப்படித் தவிக்கிறாளே என்று ஜஸ்டஸுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

சனிக்கிழமை, புகைக்குழாயில் இன்னொரு குழாயை மாட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். ஏரி வாய் கொப்பளித்தது. கொப்பளித்ததைக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த புது மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் துப்பியது. அன்று சாயங்காலம் நான்காவது கடிதம் வந்தது. அதில் எண்ணெய் இல்லை, கரி இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்திருந்தா மூணோட நின்னிருக்குமுங்க," என்றார் மேனேஜர்.

கடைசியில் மெட்டில்டாவே தன் அண்ணன் செல்லதுரைக்குப் போன் செய்தாள். கூடலூரில் ஆட்டோ மெக்கானிக். ஞாயிறு காலை அவர் ஒரு பேட்டரி மோட்டாருடன் வந்து இறங்கினார். டீசல் எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு மோட்டாரைப் பொருத்தினார். ஜஸ்டஸ் சுவிட்சைப் போட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. ஓடவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சுவிட்சில் கை வைத்தபோதுதான் கரை பின்னால் போவதைக் கவனித்தார்.

முதலாளி குடும்பம் ஏறியது. மேனேஜரும் ஏறினார். பனி மூட்டம், அசையாத தண்ணீர். முதலாளியம்மா கண்ணை மூடி, "அப்பாடா, எத்தனை அமைதி," என்றார்.

ஜஸ்டஸ் பதினெட்டு வருடப் பழக்கப்படி விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

"இடது பக்கம் பாருங்க, காட்டெருமை."

காட்டெருமை ஜஸ்டஸைப் பார்த்தது. பிறகு கன்றையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. முதலாளியின் குழந்தை வீறிட்டு அழுதது. முதலாளியின் போன் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"பயப்படாதீங்க, இருபதடி ஆழந்தான்," என்று ஜஸ்டஸ் ஆறுதல் சொன்னார். அக்கரைத் தேயிலைச் சரிவு அதை இரண்டு முறை திருப்பிச் சொன்னது.

கரையேறியதும் முதலாளி காதைக் குடைந்துகொண்டே தீர்ப்பு வழங்கினார். "மோட்டார் சத்தம் துளிகூட இல்ல. போட்டு இருக்கட்டும். இவரும் இருக்கட்டும். ஆனா போட்டுல வாயைத் தொறக்கக் கூடாது."

நன்றி சொல்ல ஜஸ்டஸ் வாயைத் திறந்தார். எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். கும்பிடோடு நிறுத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப இந்தப் பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குப் போட்டுரலாமுங்க," என்றார் மேனேஜர்.

டீ கிளாஸ்களை எடுக்க வந்த மெட்டில்டா வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

"போட்றாதீங்க சார். எஞ்சின் அடங்குனா இவரும் மெதுவாப் பேசுவாருன்னு நம்பித்தான் அந்த மூணு லெட்டரையும் நான் எழுதுனேன். அது ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால எஞ்சினை எங்க ஊட்டுக்கே குடுத்துருங்க, அக்கம்பக்கத்துக்குக் கேக்காம, இவரு பேசறப்ப ஓட்டிக்கிறேன்."