தண்டபாணியின் பன்னிரண்டு தப்புகள்

அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதனால் என் கொழுந்தனின் காலேஜ் படிப்பே பனியன் வேஸ்ட்டோடு வேஸ்ட்டாகப் போகப் பார்த்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். (சிரிக்காம எழுது கண்ணு, எழுத்துக் கோணுது பாரு.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பிறந்தது சோமனூர், தறிச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராத ஊர். வாக்கப்பட்டது திருப்பூர் ராயபுரம். வீட்டின் முன்பாதியில் ஐந்து மிஷின் போட்டு என் மாமனார் பனியன் கம்பெனி நடத்தினார். ஆம்பளை டெய்லர்கள் நாலு பேர், ஐந்தாவது நான். என் தையலில் பிசிறு இருக்காது. சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கொழுந்தன் தண்டபாணி கோயமுத்தூரில் பி.காம். படித்தான். அந்தக் காலேஜில் ஒரு புது ஏற்பாடு. புத்தகம் படித்தால் மட்டும் போதாது. லீவில் ஒரு மாசம் ஏதாவது கம்பெனியில் கையால் வேலை செய்ய வேண்டும். வாத்தியார் நேரில் வந்து பார்த்து மார்க்குப் போடுவார். அந்த மார்க்கு இல்லையென்றால் பட்டம் இல்லை. தண்டபாணி ஏற்கெனவே ஒரு வருஷம் கோட்டை விட்டவன். இதுவும் போனால் அவனைச் சலவைப் பட்டறையில் துணி முக்க அனுப்புவதாக மாமனார் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிறவர்.

பையன், துணி விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தான். ஐயோ, அந்தக் கொடுமையை எப்படிச் சொல்ல! கழுத்துப் பட்டியை இழுத்து இழுத்துத் தைத்தான். பனியன் கழுத்து சுருக்குப் பை மாதிரி ஆனது, எலுமிச்சம்பழம்கூட நுழையாது. இன்னொன்றில் கைப்பக்கத்து ஓட்டையை அடைத்தே தைத்துவிட்டான். (கையில்லாத பனியன் பார்த்திருக்கேன், கை போக வழியே இல்லாத பனியன் அன்னைக்குத்தான் பார்த்தேன்.)

வாத்தியார் வருகிற நாள் காலையில் கட்டிங் டேபிளுக்கு அடியில் கூட்டினேன். ஒரு சாக்கு தட்டுப்பட்டது. பிரித்தால், தண்டபாணி கெடுத்த பனியன்கள் பன்னிரண்டு! ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. பாவம், வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. இதை வாத்தியார் பார்த்தால் என்ன ஆவது?

சீட்டுகளைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டேன். பன்னிரண்டையும் துண்டு துண்டாக நறுக்கி வேஸ்ட் மூட்டையில் சேர்த்தேன். எங்கள் ஊரில் கெட்டுப்போன பனியனுக்கு அதுதானே மோட்சம்! சாக்கு காலியாக இருக்கக் கூடாதே என்று நான் தைத்ததில் முத்து முத்தாகப் பன்னிரண்டை எடுத்து உள்ளே வைத்தேன். பட்டம் வாங்கினதும் தம்பி என் காலில் விழுவான், ஆசீர்வாதம் பண்ணலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு வாத்தியார் வந்தார். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையில் நோட்டு. தண்டபாணி சாக்கைத் தூக்கி டேபிளில் வைத்தான்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே நான் பண்ணுன தப்பையெல்லாம் சேர்த்து வச்சிருக்கேனுங்க. எந்தத் தப்பு, எதனால வந்துதுன்னு ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு எழுதிக் குத்தியிருக்கேனுங்க."

சீட்டெல்லாம் அடுப்பில் சாம்பலாகியிருந்தன!

வாத்தியார் ஒரு பனியனை எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை எடுத்தார்.

"இதுல எங்கப்பா தப்பு?"

என் வாய் சும்மா இருந்ததா? "எத்தனை நேரம் பார்த்தாலும் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாதுங்க சார்!" என்றேன். ராயபுரத்துத் தையற்காரியின் கர்வம் அது, என்ன செய்ய?

வாத்தியார் நோட்டை மூடினார். "இது தேர்ந்த கை தச்சது. நீ இந்த ஒரு மாசம் மிஷின் பக்கமே வரலை போலிருக்குதே. நான் வரேன்."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் ஆறுமுகம் வேஸ்ட் மூட்டையில் எடுத்த துணியால் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கையில் இருந்தது அந்தச் சுருக்குப் பைக் கழுத்து!

"அது என்னோட மூணாம் நம்பருங்க!" என்று அலறினான் தண்டபாணி.

நான் ஓடிப்போய் வாசலை மறித்தேன். "சார், போயிராதீங்க! தம்பி நெசமாவே கெடுத்தானுங்க. அவனாட்டக் கெடுக்க இந்தத் திருப்பூர்ல ஆளில்லைங்க. நான்தான் அறிவுகெட்டு நறுக்கிப் போட்டுட்டேன். செத்த நேரம் உக்காருங்க, அந்தத் தப்பெல்லாம் நானே தச்சுக் காட்டறேன்."

உட்கார்ந்தேன். கழுத்துப் பட்டியை இழுத்துத் தைக்கப் பார்த்தேன். கை கேட்கவில்லை! மனசு கோணலாகப் போ என்கிறது, கை நேராகப் போகிறது. மூன்று தைத்தேன். மூன்றும் கடைக்கு அனுப்பலாம் போல வந்து நின்றன.

மாமனார் தலையில் கை வைத்தார். "ஏம்மிணி, ஒரு பனியனை ஒழுங்காக் கெடுக்கத் தெரியாதா உனக்கு?"

வாத்தியாரின் உதடு துடித்தது. "நீங்க எந்திரிங்கம்மா. அவன் உக்காரட்டும்."

தண்டபாணி உட்கார்ந்தான். கடவுளே, இன்றைக்குப் பார்த்துத் தம்பி நன்றாகத் தைத்துவிடக் கூடாதே என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். முருகன் கைவிடவில்லை. முதல் பனியனிலேயே ஓவர்லாக் கத்தி அடித்துணியையும் சேர்த்து வெட்டி, தொப்புளுக்கு நேராக ஜன்னல் வைத்தது!

"இது ஏன் ஆச்சு?" என்றார் வாத்தியார்.

"அடித்துணியை ஒதுக்கிப் பிடிக்கலீங்க சார். அது ஒண்ணாம் நம்பருங்க."

அடுத்ததில் கழுத்து சுருங்கியது. "பட்டியை இழுத்துப் புடிச்சேனுங்க. மூணாம் நம்பரு."

ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "அளவு அட்டையைத் திருப்பி வச்சு வெட்டினேனுங்க. ஏழு."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பன்னிரண்டு தப்பும் ஒன்று விடாமல் மறுபடி பிறந்துவிட்டன. காரணமும் கடகடவென்று சொன்னான். நாலு டெய்லர்களும் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாஸ்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க ஃபெயிலுங்கம்மா" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அவர்தான்.

தண்டபாணி பட்டம் வாங்கிய போட்டோ இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கறுப்பு அங்கி, கையில் சுருட்டின காகிதம், இடது தோள் மட்டும் ஒரு விரற்கடை தூக்கி நிற்கும். வருகிறவர்கள், "தோள்ல ஏதாச்சும் அடிபட்டுதுங்களா?" என்று கேட்பார்கள். வீடே சிரிக்கும்.

அங்கிக்குள்ளே அவன் போட்டிருந்தது ஏழாம் நம்பர் பனியன். அதன் குட்டைக் கை அக்குளைப் பிடித்து இழுக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டுத்தான், "சௌக்கியங்களா அண்ணி?" என்று கேட்பான்.