டேஸ்டர் ஊறவைத்த சலாமி

எந்தப் பொருளை வாங்குவதானாலும் குறைந்தது மூன்று மாதிரிகளை வரவழைத்து, ஒப்பிட்டுப் பார்த்து, தேர்ந்தெடுத்த காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இது அரசு அலுவலகக் கொள்முதல் விதி. நான் சூப்பிரண்டாக இருந்தவரை அதை மனசாட்சியோடு கடைப்பிடித்த ஒருவரையும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு நடுவட்டம் என்ற மலையூரில்தான் பார்த்தேன். அவர் அரசு ஊழியரே இல்லை.

எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை ருசி பார்த்து ஓய்ந்தவர். ஊருக்கே அவர் டேஸ்டர். நீலகிரியில் அவர் உறிஞ்சித் துப்பாத திரவம் கிடையாது. கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றியதும் துப்புவதற்கு வாளி கேட்ட மனிதர். மழையில் நாக்கை நீட்டி, "போன வாரத்து மழை இன்னும் ஸ்ட்ராங்குங்க" என்பார்.

நாங்கள் இருவரும் டீ குடிப்பது சாலையோரம் செல்வி நடத்தும் பேக்கரியில். வியாபாரம் படுத்துவிட்டது; கடையை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் யோசனையில் இருந்தாள். அந்த நேரத்தில் பக்கத்து ரிசார்ட்டில் கேட்டார்கள்: இத்தாலியன் சப் ஒன்று செய்து காட்ட முடியுமா? நீள பன்னைப் பிளந்து மெல்லிய இறைச்சித் துண்டுகளை அடுக்கும் சாண்ட்விச். எந்த இறைச்சி என்பது அவள் விருப்பம். பிடித்தால் தினசரி ஆர்டர். மறுநாள் மேனேஜர் வருவார்.

ஊட்டிக்குப் போய் ஹாம், பெப்பரோனி, மோர்ட்டடெல்லா, இரண்டு வகை சலாமி எனப் பதப்படுத்திய இறைச்சியில் ஐந்து தினுசு வாங்கி வந்தாள்.

"அஞ்சையும் வெச்சா பன்னு மூடாதுங்க. எதைங்க வெக்கறது?"

நான் சைவம். விதியை மட்டும் சொன்னேன். டேஸ்டர் எழுந்துவிட்டார். "மாதிரி பாத்துருவோம் அம்மிணி."

அவள் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஐந்து கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு இறைச்சி, கொதிக்கும் தண்ணீர், மேலே தட்டு. டேஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டேஸ்டர்! அது கறிங்க, டீத்தூள் இல்லீங்க!"

"ஊறட்டும். மூடியத் தொறக்காத."

பிறகு ஸ்பூனில் எடுத்து உறிஞ்சினார். அந்தச் சத்தத்தில் வாசலில் படுத்திருந்த தெருநாய் எழுந்து போய்விட்டது. வாளியில் துப்பினார். இருப்பதிலேயே விலை கூடிய ஹாமுக்கு உதட்டைப் பிதுக்கினார். "சாயமே எறங்கல." மோர்ட்டடெல்லாவில் கொஞ்சம் பால் ஊற்றிக் கலக்கினார். முகம் மலர்ந்தது. "பால் தாங்குது!"

"யாருங்க அதுல பால் ஊத்திக் குடிக்கப் போறாங்க?"

"சூப்ரண்டு சார், நீங்க ஒரு வாய்?"

"நான் சைவம்."

"முழுங்க வேண்டாங்க. துப்பிறலாம்."

விதிகளில் அதற்கு இடமில்லை என்றேன்.

தீர்ப்பு வந்தது: நிறத்துக்குப் பெப்பரோனி, மணத்துக்கு மோர்ட்டடெல்லா, ஸ்ட்ராங்குக்கு மிளகு சலாமி. "ரெண்டு சலாமியும் சேந்தா ஒண்ண ஒண்ணு அமுக்கிரும்." வேறு யோசனை சொல்ல ஆளில்லாததால் செல்வி அப்படியே அடுக்கினாள்.

மேனேஜர் வந்தபோது டேஸ்டர் கடைக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம் தூறலில் குரங்குக் குல்லாவோடு பஸ்ஸுக்கு நிற்பதாக நடித்தார். கூடலூர் பஸ்ஸும் போனது, ஊட்டி பஸ்ஸும் போனது. மேனேஜர் முழுவதையும் தின்றுவிட்டு, ஏன் இந்த மூன்று என்று கேட்டார்.

"பிளெண்டுங்க," என்றாள் செல்வி, தேயிலைக் கலவைக்கு டேஸ்டர் சொல்லும் சொல்லை எடுத்து.

அது இத்தாலிய மரபு என்பதுபோல் அவர் தலையாட்டினார். சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அரசு அலுவலகமே பரவாயில்லை, மனு கிடைத்தது என்றாவது சொல்லும்.

டேஸ்டர் தினமும் வந்து, கொடுத்த டீயை ஒரு குறையும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார். எங்களுக்குப் பயமாகிவிட்டது. ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "ஹாமும் ஒரு துண்டு வெச்சிருக்கணுமோ அம்மிணி?"

கடையை எடுத்து நடத்தக் கேட்டு அன்று காலைதான் ஒருவர் வந்து போயிருந்தார். செல்வி அதைச் சொல்லவில்லை. "நீங்க சொன்னது சரிதானுங்க. டீ ஆறுது, குடிங்க."

ஆர்டர் அவளுக்குத்தான் என்று பதில் வந்தது, தை முதல் வெள்ளிக்கிழமை காலை. டேஸ்டர் வந்து உட்காரும்வரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, எதிரிலேயே டீ குடித்துக்கொண்டிருந்த என்னிடம்கூட.