செத்தவர்கள் பட்டியலில் யெல்லவ்வா

"இங்க பாருங்கக்கா, கம்ப்யூட்டர்ல நீங்க செத்து நாலு மாசம் ஆச்சு," என்றான் சென்னபசப்பா.

"அப்ப நேத்து செங்கல் சூளையில மண்ணு மிதிச்சது யாரு, என் ஆவியா?" என்றாள் யெல்லவ்வா. "வீட்ல மூணு வயிறு இருக்கு தம்பி. செத்தவளுக்கு அரிசி இல்லேங்கறான் ரேஷன் கடைக்காரன்."

ஹொசகெரே உணவு அலுவலகத்தில் ரேஷன் கார்டுப் பட்டியல் அவன் கையில்தான். அதில் உயிரோடு இருப்பவர்கள் கணக்குப்படிதான் கடைக்கு அரிசி போகும். ஒருவரைச் சாகடிக்கத் திரையில் பொத்தான் இருந்தது. பிழைக்க வைக்கப் பொத்தான் இல்லை. கட்டளை எழுத வேண்டும். என்ன மாற்றம், யாருக்கு மாற்றம், இரண்டையும் சொன்னால்தான் யந்திரம் ஒழுங்காகக் கேட்கும். மூன்று நாள் பயிற்சியில் அவன் கற்றது அவ்வளவுதான்.

'உயிருடன் என்று மாற்று, பெயர் யெல்லவ்வாவாக இருந்தால்' என்று எழுதி ஓட்டினான்.

அறுபத்துமூன்று பேருடைய வரிசைகள் மாறின.

"அட கடவுளே! இந்தத் தாலுகாவுல வேற பேரே கிடைக்கலியா?"

"சாமி பேரு தம்பி. வெக்காம இருந்தா கோவிச்சுக்குவா."

பதறிப்போய் அதே கட்டளையில் 'உயிருடன்' என்பதை 'செத்தவர்' என்று மாற்றி ஓட்டினான். முதலிலிருந்தே உயிரோடு இருந்த நாற்பது யெல்லவ்வாக்களும் சேர்ந்து செத்தார்கள்.

"என்னை எழுப்பச் சொன்னா ஊரையே புதைக்கறியேப்பா!"

டீ கொண்டுவந்த அட்டெண்டர் மைலாரப்பா எட்டிப் பார்த்தார். "கார்டு நம்பரைப் போடுங்க சார். பேரு நூறு பேருக்கு இருக்கும், நம்பர் ஒருத்தருக்குத்தான்."

மேல் வரியில் 'உயிருடன் என்று மாற்று'. கீழ் வரியில் அவளுடைய கார்டு எண். அவசரத்தில் மேல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிவிட்டான். தேர்ந்தெடுத்ததை மட்டும்தான் யந்திரம் படிக்கும்.

பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகள் மாறின.

பட்டியலின் முந்தைய நாள் நகல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். நகல் எடுக்கிற வழக்கமே அங்கே இல்லை.

"பொழச்சேனா தம்பி?"

"பொழச்சீங்கக்கா. இந்தத் தாலுகாவுல இனிமே சாவே இல்லை."

அவள் பையை உதறிக்கொண்டு நேரே ரேஷன் கடைக்கு ஓடினாள்.

அரை மணியில் தொலைபேசி அடித்தது. எடுக்கச் சென்னபசப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. மைலாரப்பா எடுத்தார், கேட்டார், வைத்தார்.

"யாரு, மேலிடமா? என் வேலை போச்சா?"

"ரேஷன் கடைக்காரர் சார். செத்தவங்களைத் திருப்பிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றியாம். அந்த யெல்லவ்வாவை மட்டும் மறுபடி சாகடிச்சுடச் சொல்றாரு, எழுந்து வந்தவங்கள்ல அவ ஒருத்திதான் அரிசி கேட்டு நேர்ல வந்து நிக்கறாளாம்."