ஏற்காடு ஏரியில் கடல் கொந்தளிப்பு

1986-ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு சுற்றறிக்கை மலையேறி வந்தது. கயாக் என்னும் ஒற்றையாள் படகு கடலில் கவிழ்ந்தால், கொந்தளிக்கும் அலைக்கு நடுவே அதை நிமிர்த்தி, பிறர் உதவியின்றித் தானே ஏறிக்கொள்ளப் படகோட்டிகள் அனைவரும் பழக வேண்டும். தேர்ச்சி பெறாதவர் துடுப்பைத் தொடக் கூடாது. ஏற்காட்டில் கடல் இல்லையே என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை. ஏரி இருக்கிறது, அதில் தண்ணீரும் இருக்கிறது; அரசாங்கத்துக்கு அது போதும்.

இதில் மாட்டிக்கொண்டவர் ஐயாக்கண்ணு. பதினெட்டு வருடமாக அந்த ஏரியில் படகு ஓட்டுகிறவர், வேறு வேலை தெரியாது. தேர்வு நடத்தச் சேலத்திலிருந்து பெரியநாயகம் என்ற அதிகாரி, ஜீப்பின் தலையில் மஞ்சள் கயாக் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஏனுங்க, இந்த ஏரியில அலையே அடிக்காதுங்களே," என்றார் ஐயாக்கண்ணு.

"அது ஏரியின் குறைபாடு. அலை இல்லை என்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லை என்றால் உனக்கு வேலை இல்லை. நாளைக் காலை பத்து மணிக்குள் கொந்தளிப்புக்கு ஏற்பாடு செய்."

ஐயாக்கண்ணுவின் மனைவி காளியாயி எஸ்டேட்டில் காபிக்கொட்டை கழுவுகிறவள். தொட்டித் தண்ணீரைப் பலகைக் கட்டையால் தள்ளித் தள்ளி உரம் ஏறிய கை. மறுநாள் அவளும் பக்கத்து ஊரான தலைச்சோலையின் பெண்கள் இருபது பேரும் அந்தக் கட்டைகளோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மெல்லத் தள்ளிப் பார்த்தார்கள். ஒண்டிக்கடை முக்கில் அன்று ஒரு கடையும் திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் கரையில்தான் நின்றோம்.

தேர்வு அதிகாரி முதலில் செய்து காட்ட வேண்டும் என்பது விதி. பெரியநாயகம் கயாக்குக்குள் தம்மை ஒருவழியாகத் திணித்துக்கொண்டு நடு ஏரிக்குப் போனார்.

"இதுவா கொந்தளிப்பு? எங்கள் வீட்டு அண்டாவில் இதைவிட அடிக்கும். தேர்வு ரத்து."

"ரத்துங்களா? நொம்பப் பேசாதீங்க, கெட்டியாப் புடிச்சுக்கங்க," என்றாள் காளியாயி. பிறகு பக்கத்தில் நின்றவளிடம், "ஆராயி, எங்க ஊட்டுல அடுப்பெரியோணும். தள்ளு புள்ள."

தள்ளினார்கள். ஏரி பிறந்ததிலிருந்து அப்படி ஒரு அலையைக் கண்டதில்லை. கயாக் ஒரே புரட்டாகப் புரண்டது. அதிகாரியின் காலணிகள் இரண்டும் மேலே தெரிந்தன, அதிகாரி தெரியவில்லை. செய்முறை விளக்கம் பிரமாதமாக நடப்பதாக நினைத்து நாங்கள் கைதட்டினோம். ஐயாக்கண்ணு மட்டும் குதித்து, சட்டைக் காலரைப் பிடித்து அவரைக் கரைக்கு இழுத்து வந்தார்.

குடித்த தண்ணீரைக் கக்கி முடித்ததும் பெரியநாயகம் ஃபைலைக் கேட்டு வாங்கினார்.

"தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வதுதான் பாடம். நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். தோல்வி."

"நான் இன்னும் அந்தப் படகுல ஏறவே இல்லீங்களே."

"அது இரண்டாவது குற்றம்."

பிறகு, கொந்தளிப்பில் விழுந்தும் பிறர் உதவியின்றித் தாமே கரை சேர்ந்ததாகத் தமக்கு ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டார். அதற்குப் பத்து சாட்சிகள் வேண்டும். எங்கள் ஒவ்வொருவருடைய காகிதமும் அவர் அலுவலகத்தில் கிடந்தது. ஏரிக்கரையில் பெட்டிக்கடை போட அனுமதி கேட்டிருந்த நூர் முகமது முதலில் கையெழுத்துப் போட்டார். என் மைத்துனன் வேலைக்கு மனு கொடுத்திருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் என் கையெழுத்து அழகாகவே விழுந்தது. ஒன்பது பேர் ஆயிற்று.

பத்தாவதுக்கு ஆள் இல்லை; மீதிப் பேர் அதற்குள் கடை திறக்கவும் கொட்டை கழுவவும் நழுவியிருந்தார்கள். பெரியநாயகம் ஐயாக்கண்ணுவைப் பார்த்தார். "ஒத்துழைக்கிறவர்களுக்கு அடுத்த மாதம் மறுதேர்வு உண்டு."

ஐயாக்கண்ணு பேனாவை வாங்கினார். 'மிக அருகில் இருந்து பார்த்தவர்' என்று அவர் பெயருக்கு எதிரே அதிகாரியே எழுதிக்கொண்டார்.