ஆவி பிடித்த பூனைகள்

மாடிப்படியில் வரிசை நின்றது. மூன்றாவது மாடியில் என் வீட்டு வாசலில் தொடங்கி, கீழே ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடம் வரை. என் மனைவியைப் பார்க்க வந்த கூட்டம் அது. அவள் உயிரோடு இருந்தபோது இவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை. செத்த பிறகு நல்ல கிராக்கி.

ஒருவர் மகளுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்க வந்திருந்தார். இன்னொருவர் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று. என் மனைவி லிஃப்ட் மெக்கானிக் அல்ல. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். ஆனால் செத்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது கூட்டத்தின் கட்சி.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வார்த்தை.

தாயில்லாத குட்டிகளைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்து வளர்த்துத் தருவதாக, விலங்குகள் காப்பகத்தில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். அவள் போன பிறகு அங்கிருந்து போன் வந்தது. முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்றேன். மூன்று பூனைக்குட்டிகள் வந்தன. மூன்றுக்கும் சளி. மூக்கில் பச்சையாக ஒழுகியது. கண்கள் பீளையில் ஒட்டிக்கொண்டிருந்தன. தும்மினால் உடம்பே பின்னால் நகர்ந்தது.

கால்நடை டாக்டர் கண்ணுக்குக் களிம்பும் வாய்க்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்.

"பாத்ரூம்ல வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி ஆவி பிடிங்க. புகை மட்டும் ஆகவே ஆகாது. சின்னதுதான் கவலையா இருக்கு. மூக்கு அடைச்சா வாசனை தெரியாது. வாசனை தெரியலைன்னா பூனை சாப்பிடாது. நாளைக்குள்ள அது தானா சாப்பிடலைன்னா, என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

ஈரத் தலையோடு பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, உள்ள ஒரே சத்தம்?"

"ஆவி பிடிக்கிறேன் அக்கா."

"யாருக்குப்பா?"

"பூனைங்களுக்கு."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "எப்போலேருந்து?"

"வந்ததிலேருந்தே இருக்கு. சின்னதுக்குத்தான் ரொம்ப."

"போயிடுமா?"

"விடாம பிடிச்சா போயிடும்னு டாக்டர் சொன்னார்."

அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். அவருக்கு நீராவி நினைவுக்கு வரவில்லை. இளம் வயதில் மனைவியைப் பறிகொடுத்தவன் வீட்டில் எந்த ஆவி இருக்கும்?

மறுநாள் காலையில் ஆவி ஓட்டும் மகான் ஒருவர் வந்துவிட்டார். தோளில் துணிப்பை, கையில் புகைச்சட்டி, பைக்குள் ஒரு ஃபிளாஸ்க். மூலிகைத் தண்ணீராம். கூடவே என் மாமியார். இருவரையும் அக்காதான் போன் போட்டு அழைத்திருந்தார். கேள்விப்பட்ட கூட்டம் மாடிப்படியில் வரிசை கட்டியது.

சின்னக் குட்டிக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் மகான். "வாயைத் திறக்குறா. வார்த்தை வரல. உள்ள ஆத்மா பேசத் தவிக்குது!"

மாமியார் குட்டியை வாரி எடுத்தார். "என்னடி கண்ணு சொல்ல வர்ற?"

குட்டி அவர் முகத்திலேயே தும்மியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அத்தை, அதுக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"உங்களுக்கு என்ன மாப்பிள்ளை தெரியும்? நீங்கதான் அழவே இல்லையே."

அது உண்மை. 

புகைச்சட்டி அறைக்குள் வந்தது. குட்டி வயிறு குழிய மூச்சு வாங்கியது. நான் ஜன்னலைத் திறந்தேன். அக்கா சாத்தினார்.

"ஆவி வெளிய போயிடும் தம்பி!"

"போகத்தானே அவரைக் கூப்பிட்டீங்க?"

"போறதுக்கு ஒரு முறை இருக்குல்ல? ஜன்னல் வழியாவா போகும்?"

இந்த வீட்டுப் பாட்டில் ஒன்று வேண்டும் என்றார் மகான். என் மனைவியின் மருந்து பாட்டில் ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன். பையோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கர்ஜனை. பிறகு மூடிய பாட்டிலோடு வெளியே வந்தார். உள்ளே வெள்ளையாகப் புகை மாதிரி சுழன்றது.

"பிடிச்சாச்சு!"

"பிடிச்சாச்சாம்!" என்று செய்தி படிப்படியாக ஸ்கூட்டர்கள் வரை இறங்கியது.

"ஆத்மா சாந்தியடைய அவ போட்டிருந்த வளையல் வேணும். குட்டிங்களையும் என்கூட அனுப்புங்க. மிச்சம் மீதி உள்ள ஒட்டியிருக்கும். ஒரு மாசம் புகை போடணும்."

ஒரு மாதம் வேண்டாம். ஒரு ராத்திரி போதும், சின்னது செத்துவிடும். மகளின் வளையல்கள் மாமியார் கையில்தான் இருந்தன. அவர் கழற்றத் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்," என்றேன். "அவகிட்ட தனியா பேசணும்."

கூட்டம் உருகிவிட்டது. மகானே தாராளமாகப் பாட்டிலை நீட்டினார். அடுக்களைக்குள் போய்க் கெட்டிலைப் போட்டேன். காலி மருந்து பாட்டில்கள் அலமாரி நிறைய இருந்தன. அவளுடைய கடைசி மாதங்களின் மிச்சம். எறியத் தோன்றியதில்லை.

மாமியார் பின்னாலேயே வந்தார். "கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கட்டுமே."

கொடுத்தேன். கைப்பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் ஐந்து பாட்டில்களைக் கெட்டில் மூக்கில் காட்டி, ஆவி நிரப்பி, மூடினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். 

ஐந்தையும் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்தேன்.

"சாமி, கலந்துபோச்சு. இதுல எது என் மனைவி?"

மகான் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சோதிக்கிறியா?"

"கட்டினவனுக்கு அடையாளம் தெரியல. பிடிச்சவருக்குத் தெரியுமே."

"சொல்லுங்க சாமி!" என்றார் லிஃப்ட் பற்றிக் கேட்க வந்தவர். "எங்களுக்கும் நேரமாகுது."

மகான் கண்ணை மூடினார். கையைச் சுழற்றினார். நடுப் பாட்டிலைத் தூக்கினார். "இவதான்! கண்ணீர் விடுறா பாரு!"

உள்ளே நீர் வழிந்தது உண்மைதான்.

"நல்லாப் பாருங்க."

"நான் பிடிச்ச ஆவி எனக்குத் தெரியாதா? அடிச்சுச் சொல்றேன்!"

கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் தன் பாட்டிலை எடுத்து மகான் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அப்ப இவ யாரு?"

"அது... ரெண்டாப் பிரிஞ்சுட்டா."

மாமியார் மகானின் துணிப்பையை இழுத்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்தார். குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஒரு பட்டாளமே உள்ளே இருந்தது. விரலை விட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"வெந்நீரு," என்றார். "என் பொண்ணு வெந்நீர் இல்லடா."

வளையலை மறுபடி போட்டுக்கொண்டார்.

மகான் ஓடினார். ஓட முடியவில்லை, படி முழுக்க பக்தர்கள். மேலே நடந்தது கீழே போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒருவர் காலில் விழ, தப்பியோடுபவர் நின்று நின்று ஆசீர்வதித்துக்கொண்டே போனார்.

அக்கா மட்டும் தயங்கி நின்றார். தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"தம்பி, அப்ப சக்தி எல்லாம் அந்தக் கெட்டில்லதான் இருக்கா? எங்க வாங்கினே?"

எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்தேன். புகைச்சட்டியில் தண்ணீரைக் கொட்டினேன். மாமியார் தானாகவே சின்னதை மடியில் வைத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்தார். வெந்நீரைத் திறந்துவிட்டேன்.  அவர் முகம் நனைந்திருந்தது. என் முகமும். ஆவிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்து, மீனைச் சூடாக்கி எதிரே வைத்தேன். குட்டி கிட்டே வந்தது. தட்டின் விளிம்பை மோந்தது. மீனை மோந்தது. சந்தேகத்தோடு என் விரலையும் மோந்தது. எல்லாம் சரி என்று பட்ட பிறகுதான் வாய் வைத்தது.

வரிசையில் நின்ற யாருக்கும் மூக்கடைப்பு கிடையாது.