மாப்பிள்ளையின் தாடி

துப்பறியும் கதைகளைத் தொடராகப் படிப்பவனுக்கு ஒரு வியாதி வரும். எதிரில் வருகிற எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கு அது பத்தொன்பது வயதில், திருவனந்தபுரத்தில் வந்தது. போதாததற்குக் கல்லூரி நூலகத்தில் சென்ற நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் வேறு. அவற்றில் பாதி மாப்பிள்ளைகளுக்கு எங்கேயாவது ஒரு ரகசிய மனைவி இருப்பாள்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான சமயம் அது. அக்கா சரசுவுக்கு இரண்டு ஜாதகங்கள் தட்டிப்போய், மூன்றாவதாக ஒரு செக்ரடேரியட் குமாஸ்தா பொருந்தி வந்திருந்தார்.

"ஆபீஸ்ல நல்ல பேரான்னு மட்டும் கேட்டுண்டு வா. இதுவும் போனா உங்கம்மா படுத்துடுவா" என்றார் அப்பா.

கேட்பதாவது! (பாமரர்கள்தான் கேட்பார்கள்.) ஆபீஸ் வாசலில் பியூன் அடையாளம் காட்டிய ஆளை, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். குடையில் பார்ப்பதற்கு வசதியாக ஒரு ஓட்டை.

அவருக்கு ஒரு மாதத் தாடி. எங்கள் அக்கிரகாரங்களில் மனைவி கர்ப்பமாக இருந்தால் புருஷன் சவரம் செய்துகொள்ளமாட்டான். பழவங்காடி தாண்டுவதற்குள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன். ஆரியசாலையில் அவர் மாங்காய் வாங்கினார்; புளிப்பானதாகப் பார்த்துப் பொறுக்கி. ஸ்ரீவராகத்தில், அவர் வீட்டு வாசலில் நின்ற நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, "மாங்காய் கிடைச்சுதா?" என்றாள்.

வழக்கு முடிந்தது.

வீட்டில் சொன்னேனா? இல்லை. தொடர்களில் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்த பிறகுதான் துப்பறிபவன் வாயைத் திறப்பான். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் தாமாகவே ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சொஜ்ஜி பாதி காலியானபோது எழுந்தேன்.

"இவருக்கு ஏற்கெனவே ஒரு பாரியாள் உண்டு. ஒன்பது மாசம்."

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அது எம் பொண்ணு. பிரசவத்துக்கு வந்திருக்கா. தாடி, வேலை ஸ்திரமாகணும்னு பழனிக்கு வேண்டிண்டது. போறும், எழுந்திருங்கோ, போலாம்."

"கஷ்டம், கஷ்டம்" என்றார் அப்பா. "தாடி விஷயம் தரகர் அன்னிக்கே சொல்லியாச்சேடா."

அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"மழையில்லாத நாள்ல ஓட்டைக் குடையோட மாங்காய்க் கடைல நின்னது நீதானே அம்பி? துப்பறியும் தொடர் நாலாம் பாகத்துல பேப்பர்ல ஓட்டை போட்டுப் பார்ப்பானே, அதுவா?"

தலையாட்டினேன்.

"அப்போ பதினோராம் பாகம் உங்கிட்டதான் இருக்கோ? ஒரு மாசமா லைப்ரரில கேக்கறேன், திரும்பி வரலைங்கறான்."

"அவன் தலகாணிக்கடில இருக்கு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். காப்பியோடு புத்தகத்தையும் அவளே கொண்டுவந்தாள். அவர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் அம்மா அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

பழனிக்குப் போய்வந்த மொட்டைத் தலையோடுதான் அத்திம்பேர் தாலி கட்டினார். இரண்டாம் வருஷம் மறுபடி தாடியோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "மணி, இந்தத் தடவை உன் துப்பு சரி" என்றார்.

அந்தத் துப்பு இப்போது கல்லூரியில் படிக்கிறது. சிநேகிதிகளுக்கு என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: "நான் பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே என்னைக் கண்டுபிடிச்ச மாமா."